பிடியரிசி

சனிக்கிழமை. மழை விட்ட நேரம்.
சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு
சரிவில் இறங்குகிறேன்.
தியாவ் ஆற்றுக்கு மேலே எங்கள் ஊர், ஏணி மாதிரி:
ஒரு வீட்டின் தகரக்கூரையும்
அடுத்த வீட்டின் வாசலும் ஒரே மட்டம்.

உலை வைக்கும்போதெல்லாம்
பானைக்குப் போகும் அரிசியில் ஒரு பிடி
கர்த்தருக்கென்று பால்பொடி டப்பாவுக்குப் போகும்.
காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று,
வாரம் முடிந்தால் பதினான்கு.
அதை வாங்கிச் சபையில் அளப்பது என் பொறுப்பு.
இது பதினோராம் வருடம்.

பிடியைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்.
வன்லால்ருவாதி வீட்டு டப்பாவில் எப்போதும் நொய்.
தச்சர் ஸோசாங்லியானா,
மனைவி போனபின் தானே அளக்கிறார்:
பெரிய கை, பெரிய பிடி, உமியும் சேர்த்து.
வாத்தியார் வீட்டில்
சனிக்கிழமை காலைதான் ஞாபகம் வரும்;
பதினான்கையும் ஒரே மூச்சில் அள்ளிப்போட்டுவிட்டு
என் கண்ணைப் பார்க்கமாட்டார்கள்.

என் கை?
சொல்லிவிடுகிறேன்.
அரிசி விலை ஏறிய வருடம்,
அள்ளியபின் விரல்களைச் சற்றே தளர்த்த
அது கற்றுக்கொண்டது.
நழுவியது பானைக்குள்.
கணக்கில், பிடி பிடிதான்.

கீழே, மூங்கில்காட்டை ஒட்டி
நீலத் தார்ப்பாய்கள்.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஊர் எரிந்தபோது வந்தவர்கள்.
எங்கள் வார்த்தைகளையே வேறு ராகத்தில் பேசுவார்கள்,
அதே வேதத்தை வேறு எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள்.
இந்தச் சாக்கிலிருந்துதான்
புதன்தோறும் அவர்களுக்கு அளக்கிறேன்.
கொடுத்த இடத்திலேயே போய்க் கேட்பதா,
என் மனசு என்ன கல்லா?
தார்ப்பாய் வரிசை வந்ததும்
தலையைக் குனிந்துகொள்வேன்,
நடை வேகமாகும்.
என் இரக்கம் எனக்கே பிடித்திருக்கும்.

இன்று பின்னாலிருந்து ஒரு குரல்.
"அக்கா, நில்லுங்கள்."

தியால் ஸிங். முதுகில் துணியில் கட்டிய குழந்தை.
ஒரு காலில் செருப்பு இருக்கிறது,
மற்றது பத்தடி பின்னால் சேற்றில் நிற்கிறது.
கையில் மூடி போட்ட பெயிண்ட் வாளி.
"எட்டு வாரமாக வாசலில் நிற்கிறேன்.
எங்கள் வீட்டை மட்டும் ஏன் விடுகிறீர்கள்?"

வீடு என்றாள்.

"உங்களுக்கு எதற்கம்மா இதெல்லாம்,
நீங்களே…" என்றேன்.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை,
கோபம்.
"அங்கே நானும் சாக்கு தூக்கினவள்தான்.
எங்கள் சபைக்குக் கூரை போட்டதே பிடியரிசி.
அது எரிந்துபோயிற்று, சரி.
நான் இன்னும் சமைக்கிறேன், இல்லையா?"

மூடியைத் திறந்து சாய்த்தாள்.
வெள்ளையும் சிவப்பும், பழையதும் புதியதும்.
எனக்குத் தெரிந்த அரிசி.
வன்லால்ருவாதியின் நொய் இருந்தது.
தச்சரின் உமி இருந்தது.
நான் இளைக்கவைத்த பிடியும்
அதில் எங்கோ இருக்கவேண்டும்;
தார்ப்பாய்க்குள் போய்
யாரோ நிறையவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

நன்றி சொல்ல வரவில்லை.
வாங்கியே பழகிய வாய்.

நோட்டில் பெயர் எழுதச் சொன்னாள்.
கடைசி வீட்டுக்கு அடியில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.
கோட்டுக்குக் கீழே எழுதினேன்.
ஈரத்தில் பேனா ஓடவில்லை,
அழுத்தி இரண்டாம் முறை.
எழுத்துப் பிழை என்று திருத்தினாள்,
மூன்றாம் முறை.

ஏற்றத்தில் சாக்கு கனத்தது.
வாத்தியார் வீட்டருகே ஒருதரம்,
சபை மணிக்கூண்டருகே ஒருதரம்
இறக்கி வைத்தேன்.
அவளுடைய செருப்பை எடுத்துக்கொடுக்காமல் வந்தது
அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் உலை கொதிக்கிறது.
அரிசிக்குள் கையை விடுகிறேன்.
மூடுகிறேன், தூக்குகிறேன்.
பானைக்கு மேலே வந்ததும்
பழகிய விரல்கள் தளரப் பார்க்கின்றன.
நில்லுங்கள் என்கிறேன்,
அவளுடைய ராகத்தில்.